கோழிக்கூட்டுக்கு எத்தனை அடி இடம் விட வேண்டும்?

கூடு கட்டும்போது பலரும் இன்று கையில் இருக்கிற கோழியை எண்ணித்தான் கட்டுகிறார்கள். எண்ண வேண்டியது அடை வைத்த பிறகு வரப்போகிற உருப்படிகளை. நாட்டுக்கோழிக்கு 10, 12 முட்டை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு. நாலே மாதத்தில் அவையும் ராத்திரி கம்பில் இடம் கேட்கும். ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருப்பவர் 12 உருப்படிக்குக் கணக்குப் போடுவதே சரி.

ராத்திரி அடைகிற கூட்டுக்குள் சிறுவிடைக்கு (சிறிய உடல்வாகு நாட்டுக்கோழி) தலைக்கு 4 சதுர அடி, பெருவிடைக்கு (பெரிய உடல்வாகு) 5. பகலில் உலவும் வலையடைப்பில் தலைக்கு 10 சதுர அடிக்குக் குறையக் கூடாது. ஆக, 12 சிறுவிடைக்கு 8க்கு 6 அடியில் கூடு, 12க்கு 10 அடியில் அடைப்பு. நாளெல்லாம் கொல்லையில் மேய விடுகிறவர்கள் அடைப்பைக் கொஞ்சம் சுருக்கலாம், கூட்டைச் சுருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோழி இரண்டு மூன்று நாள் உள்ளேயே கிடக்கும். நெருக்கம் பொறுக்காமல் ஒன்றன் வால் இறகை ஒன்று பிடுங்கும். ரத்தம் கண்டுவிட்டால் விடாது. கொத்துப்பட்டதை அன்றைக்கே பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) தனியாகக் கவிழ்த்துவிட வேண்டும்.

உட்காரும் கம்பு 2 அங்குல கனம், தலைக்கு 9 அங்குல நீளம். 6 அடி அகலத்தில் குறுக்காக இரண்டு கம்பு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளியில். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்தால் தினமும் அந்தியில் அதற்குத்தான் சண்டை. பெருவிடை கனமானது, 2 அடிக்கு மேலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டு வீங்கும். நாலு பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஓரடிச் சதுரம், கம்பைவிடத் தாழ்வாக. உயரமாக வைத்தால் அதிலேயே படுத்து எச்சமிடும்.

செட்டிநாட்டு வெயிலுக்குக் கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காலை, மாலை வெயில் குறுஞ்சுவர்களோடு நின்றுவிடும். வடக்கிலும் தெற்கிலும் ஒன்றரை அடிச் சுவர், அதற்கு மேல் முழுக்க வலை. சிமெண்ட் ஷீட்டை வெறுமனே விடாதீர்கள், மேலே கீற்று போடுங்கள், இல்லையென்றால் சுண்ணாம்பாவது அடியுங்கள். கோழிக்கு வியர்க்காது. சித்திரையில் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி நின்றால் கூட்டில் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியை வெளியே நிறுத்தாது. தரையிலிருந்து 3 அடி வரை அரை அங்குலக் கண் வெல்டட் மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) அடியுங்கள். மெஷ்ஷின் அடியைப் புதைக்கச் செம்புரான் கல் தரையில் குழி பறிப்பது பெரும்பாடு. அதற்குப் பதில் மெஷ்ஷை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையில் விரித்து மேலே கல் அடுக்கலாம். கீரி சுவரோரத்தில்தான் பறிக்கும், தள்ளி நின்று பறிக்காது. பருந்துக்காக அடைப்பின் மேலும் வலை வேண்டும். மரநாய் ஏறிவரும் என்பதால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் மெஷ்ஷால் அடையுங்கள்.

தரையில் 3 அங்குலம் உமி. விடிகாலையில் கூட்டைத் திறந்ததும் கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் உமியை மாற்ற வேண்டும். மாற்றியும் இரண்டே நாளில் நெடி திரும்பினால் உருப்படி கூடிவிட்டது. அப்போது கூட்டை நீட்ட வசதியாக, கிழக்குக் குறுஞ்சுவரைக் கல்லில் எழுப்பாமல் மெஷ் அடித்த மரச்சட்டமாக, போல்ட் கழற்றினால் வந்துவிடும்படி முதலிலேயே வைத்துவிடுங்கள்.