பாறைல ஆங்கர் போல்ட் அடிக்கறது எப்படி? சோலார் ஸ்டாண்ட் வைக்கப் போறவங்களுக்கு

தோட்டத்துல மண்ணே இல்ல, வெறும் கருங்கல் பாறைதான், அதுலதான் சோலார் ஸ்டாண்ட் நிக்கணும்னா குழி தோண்டி காங்கிரீட் போடுற பேச்சுக்கே இடமில்ல, பாறைலயே ஓட்டை போட்டு மெக்கானிக்கல் ஆங்கர், அதாவது ஓட்டைக்குள்ள விரிஞ்சு கல்லைக் கவ்விப் பிடிக்கற போல்ட் இறக்கணும். கடைல போய் "நல்ல ஸ்ட்ராங்கா குடுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்கிட்டு வர்றதுதான் வழக்கம். ஆனா போல்ட் அறுந்து ஸ்டாண்ட் போறது அபூர்வம், போல்ட்டோட கல்லு பேந்து வர்றதுதான் ஜாஸ்தி.

அதனால முதல் வேலை சுத்தியல் எடுத்துட்டு பாறை மேல ஏறுறது. ஸ்டாண்டோட ஒவ்வொரு காலும் உக்கார்ற இடத்துல தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்ல கல்லு. டொம்முனு கேட்டா அடியில ஏடு பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம், கிரானைட் பாறை மேல்பரப்புக்கு இணையா தகடு தகடா உரியும், அந்தத் தகட்டுல எவ்வளவு விலை போல்ட் போட்டாலும் வேஸ்ட். விரிசல் இருக்கான்னு பாக்க தண்ணி ஊத்துங்க, மேல காஞ்ச பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடா தெரியும். கல்லு பழுப்படிச்சு பொருபொருன்னு உதிருதுன்னா மெக்கானிக்கல் ஆங்கரே வேண்டாம், பசை ஊத்தி ஒட்ட வைக்கற கெமிக்கல் ஆங்கருக்குப் போயிடுங்க.

அடுத்து லோடு. பேனலோட வெயிட்டைப் பத்தி கவலைப்படாதீங்க, காத்து தூக்குறதுதான் பிரச்சனை. கட்டடங்களுக்கு காத்து லோடு சொல்ற இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூணாம் பாகத்துல கோயம்புத்தூருக்கு அடிப்படை காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகத்தை அதாலயே பெருக்கி 0.6 ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு எத்தன நியூட்டன்னு வரும், கோவைக்கு 912, அதாவது கிட்டத்தட்ட 93 கிலோ. பெரிய பேனல் நாலு சேர்ந்தா சுமார் 10 சதுர மீட்டர், அப்ப 930 கிலோ தூக்கு விசை, பேனல் சரிவையும் ஓரத்தையும் பொறுத்து இது ஒன்றரை மடங்கு கூட ஆகலாம். நாலு காலும் சமமா பங்கு போட்டுக்காது, அதனால ஒரு காலுக்கு கணக்குல வர்ற லோடை மூணு நாலு மடங்காக்கி, அதைத் தாங்குற போல்ட் தேடுங்க. இதைவிட பெரிய செட்டப்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட காட்டிடுங்க.

இந்த அளவுக்கு எம்12 (12 மில்லிமீட்டர் தடிமன்) வெட்ஜ் ஆங்கர் போதும், நட்டை முறுக்கும்போது நுனில இருக்கற கிளிப் விரிஞ்சு கல்லைப் பிடிக்கற மெக்கானிக்கல் ஆங்கர் இது. 8.8ங்கற பலம் கூடின கிரேடு எம்12 இரும்பு இழுத்து அறுக்க சுமார் 67 கிலோநியூட்டன் வேணும், கிட்டத்தட்ட 6.8 டன், அவ்வளவு தேவையே வராது. நீளத்துலதான் கோட்டை விடுறாங்க. பாறைக்குள்ள இறங்குற ஆழம் 80 மில்லி, பிளேட்டுக்கு அடியில நிரப்புற சிமெண்ட் கலவை (கிரவுட்) 15, ஸ்டாண்ட் காலோட பிளேட் 10, வாஷர் நட்டுக்கு 13ன்னு கூட்டினாலே 118 வந்துடும், மேல உதிர்ற தோல் கணக்குல சேராது, அதனால 150 மில்லி நீளம் வாங்குங்க. வெளியில நிக்கப் போறதால ஹாட் டிப் கால்வனைஸ் இல்லன்னா ஸ்டெயின்லெஸ், கடலோரம்னா 316 கிரேடு ஸ்டெயின்லெஸ்.

இடைவெளி ரொம்ப முக்கியம். கல்லு உடைக்கறவங்க வரிசையா ஓட்டை போட்டு ஆப்பு அடிச்சுத்தானே பாறையைப் பிளக்கறாங்க, வெட்ஜ் ஆங்கரும் உள்ள விரிஞ்சு அதே வேலையைத்தான் செய்யுது! அதனால போல்ட்டுக்கு போல்ட் ஆழத்தைப் போல மூணு மடங்கு, அதாவது 240 மில்லி தள்ளி வைங்க. பாறை விளிம்புக்கும் விரிசலுக்கும் குறைஞ்சது ஒன்றரை மடங்கு, நான் ரெண்டு மடங்கே விட்டுடுவேன்.

ஓட்டை போட எஸ்.டி.எஸ். ரோட்டரி ஹேமர் (சுத்திக்கிட்டே இடிச்சு துளைக்கற மெஷின்) வாடகைக்கு எடுங்க, வீட்டு ட்ரில் கருங்கல்ல வெறும் சூடுதான் ஆகும். எம்12க்கு 12 மில்லி பிட், புதுசா வாங்குங்க, தேஞ்ச பிட்ல ஓட்டை சின்னதாயிடும். ஆழத்துக்கு பிட்ல டேப் ஒட்டிக்கோங்க, போல்ட் இறங்குறதைவிட 15 மில்லி கூடுதலா. மெஷினை ஆட்டாம நேரா புடிங்க, ஆடினா ஓட்டை பெருசாகி போல்ட் சுத்தும். திடீர்னு பிட் லொடக்குனு உள்ள போச்சுன்னா அடியில இடுக்கு இருக்கு, அந்த ஓட்டையை விட்டுட்டு ஆழத்தைப் போல ரெண்டு மடங்காவது தள்ளி வேற போடுங்க. மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம், கருங்கல் தூசில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் தூசி. ஊதுங்க, ஒயர் பிரஷ் விட்டுத் தேயுங்க, மறுபடி ஊதுங்க, தூசி வராத வரைக்கும். வாயால ஊதாதீங்க, கண்ணுலதான் அடிக்கும், கைப்பம்ப் வாங்கிக்கோங்க. மாவு உள்ள தங்கினா கிளிப் கல்லைப் பிடிக்காம வழுக்கிடும்.

பாறை மட்டமா இருக்காது, அதனால பிளேட்டை ரசமட்டம் வச்சு நிறுத்தி அடியில நான்-ஷ்ரிங் (காஞ்சாலும் சுருங்காத) கிரவுட் போட்டு இறுக விடுங்க, வாஷரை அடுக்கி ஒப்பேத்தாதீங்க. நட்டை போல்ட் நுனி வரைக்கும் ஏத்திட்டு சுத்தியலால அடிச்சு இறக்குங்க, அப்பதான் மரை கெடாது. கடைசியா டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர். எம்12க்கு பெரும்பாலும் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரைக்கும், உங்க டப்பால என்ன போட்டிருக்கோ அதான் சரி. சுத்திக்கிட்டே இருக்கு, இறுகலன்னா அந்த ஆங்கர் ஃபெயில், யோசிக்காம அறுத்து விட்டுடுங்க. மறுநாள் கொஞ்சம் லூசா தெரியும், அது இயல்புதான், திரும்பத் திரும்ப முறுக்காதீங்க.

டப்பால இருக்கற லோடு எல்லாம் காங்கிரீட்டுக்கானது, உங்க பாறைக்கு இல்ல. அதனால பக்கத்துல அதே கல்லுல ஒரு ஆங்கர் தனியா போட்டு, ட்ரைபாட், செயின் பிளாக், நடுவுல கிரேன் தராசு மாட்டி, காலுக்கு வர்ற லோடைப் போல ஒன்றரை மடங்கு இழுத்து அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாருங்க, ட்ரைபாட் காலுங்க போல்ட்டை விட்டு நல்லா தள்ளியே நிக்கணும், ஆளுங்களும்தான். அசையலன்னா ஸ்டாண்டை ஏத்தலாம். நட்டுலயும் பிளேட்டுலயும் சேர்த்து பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, ஆடி காத்து முடிஞ்சதும் கோடு விலகியிருக்கான்னு பாத்தா போதும்.