‘சும்மா வீட்டிலதான்’ என்பவரின் ஒரு நாளை எழுதி எடுப்பது எப்படி

யார் என்ன வேலை செய்கிறார் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்புக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, படிவத்தை எப்படி நிரப்புறது?” முதலில் படிவத்தைப் பைக்குள் வையுங்கள் என்பேன்.

காரணம், நானே விட்ட பிழை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு முற்றத்தில் ஓர் அன்ரி சுளகை மடியில் வைத்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். “வேலை ஏதும் செய்யிறீங்களோ?” என்று கேட்டேன். “இல்லைப் பிள்ளை, சும்மா வீட்டிலதான்.” அப்படியே எழுதினேன். கச்சான் கடைக்காரருடையது, கிலோக் கணக்கில் கூலி. பேசி முடியும்வரை அவர் கை நிற்கவில்லை. எனக்குத்தான் அது வேலையாகத் தெரியவில்லை. அவருக்கும் ‘வேலை’ என்றால் கந்தோரில் கையெழுத்து வைக்கிற உத்தியோகம்.

எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற பிழையில்லை இது. 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹார்வர்ட் பேராசிரியை குளோடியா கோல்டின், அமெரிக்காவின் 200 வருடப் பதிவுகளைக் கிண்டிப் பார்த்தவர். பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் கணவரோடு உழைத்த பெண்களுக்குப் பழைய பதிவுகளில் தொழில் ‘மனைவி’ என்று கிடந்தது. வேறு தரவுகளை வைத்து அவர் திருத்தியபோது, 1890களின் முடிவில் வேலை செய்த மணமான பெண்களின் விகிதம் குடிசன மதிப்பீடு சொன்னதைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்காக வந்தது.

சரி, செய்முறை. ஒரு சி.ஆர். கொப்பி போதும். இடது ஓரத்தில் காலை 4 மணியிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி. பக்கத்தில் நான்கு கட்டம்: என்ன செய்தார், அதோடு வேறென்ன செய்தார், யாருக்காக, காசு யார் கைக்குப் போனது. இரண்டாவது கட்டத்தைத்தான் எல்லாரும் வெறுமையாக விடுவார்கள். பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே கச்சான் உடைப்பவரின் நேரம் அங்கேதான் தொலையும்.

‘நேற்று’ என்று கேளுங்கள். ‘வழமையாக’ என்றால் நல்ல நாளைத்தான் சொல்வார்கள். நேற்றுச் செத்தவீடென்றால் முந்தாநாள். மணி கேட்டால் தடுமாறுவார்கள்; பால் எடுக்கிறவர் வரமுன்னமோ பிறகோ, பள்ளிக்கூடம் விடமுன்னமோ என்று கேட்டால் சரியாக வரும். வாசலில் கதிரை போட்டுத் தருவார்கள். அங்கே வீட்டுக்காரர் இருந்தால் அவர்தான் பதில் சொல்வார் (“அவவுக்கென்ன வேலை!”). தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெல்லக் குசினிப் பக்கம் நகருங்கள்.

என் கொப்பியில் ஓர் அக்காவின் கார்த்திகை மாத நாள் இருக்கிறது. 4:30 மாடு கறப்பு, பிறகு சமையல், பிள்ளைகளை வெளிக்கிடுத்தல். 7:30 முதல் 1 மணி வரை பக்கத்து வயலில் கூலிக்குக் களை பிடுங்கல். 1 மணிக்குச் சாப்பாடு, ஓய்வு. 2 மணியிலிருந்து உடுப்புத் தோய்ப்பு, படுக்கையில் இருக்கும் மாமியைப் பார்த்தல். 4 முதல் 6 வரை மிளகாய்த் தோட்டம். அப்புறம் இரவு 9 வரை அடுப்பும் பிள்ளைகளும். ஓய்வைக் கழித்துக் கூட்டினால் 15 மணித்தியாலம் 30 நிமிடம். அவர் கைக்குக் காசு வந்தது களை பிடுங்கிய 5 மணித்தியாலம் 30 நிமிடத்துக்குத்தான். பால் காசும் வருகிறது, ஆனால் பால் புத்தகம் மாமாவின் பெயரில்.

யார் வேலையில் இருக்கிறார் என்று அரசு எண்ணும் தொழிற்படை அளவீட்டின் விதிப்படி, முந்தைய வாரம் கூலிக்கு ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே தொழில் புரிபவர்தான். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவரும் அதற்குள் வருவார். ஆக, அந்த விதி இந்த அக்காவைத் தவறவிடவில்லை, கேட்கிறவர்தான் தவறவிடுகிறார். சமையலும் மாமியைப் பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேராது. அதற்கு, ஒருவரின் நாள் எந்தெந்த வேலையில் கழிகிறது என்று எடுக்கும் நேரப் பயன்பாட்டு அளவீடு வேண்டும். இலங்கையில் அது முதன்முதலாக நடந்தது 2017-இல்.

ஒரே தடவையில் முடிக்க வேண்டாம். காலபோக (மழைக்கால நெல்) களை நேரம் ஒருமுறை, ஆவணி வெயிலில் ஒருமுறை.

கடைசியாக, முதல் பிள்ளைக்கு முன் என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். பணக்கார நாடுகளில் ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பள இடைவெளி பெரும்பாலும் முதல் பிள்ளையோடுதான் விரிகிறது என்று காட்டியவரும் கோல்டின்தான். இங்கே பலருக்கு அது இடைவெளியில்லை, முழு நிறுத்தம். கார்மென்ட்ஸுக்குப் போய்வந்த ஒரு தங்கச்சி, “விடிய முன்னம் பஸ் வரும் அக்கா, கைக்குழந்தையை ஆரிட்டக் குடுக்கிறது?” என்றாள். பதில் நீளும். அதனால்தான் நாளுக்கு மூன்று வீட்டுக்கு மேல் நான் போவதில்லை.

எழும்ப முன் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். களை பிடுங்கிய அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த ஒரு மணிக்கு ஓய்வெண்டு ஆர் சொன்னது? குழாய்க் கிணத்தில ரெண்டு தரம் தண்ணி எடுத்தனான்” என்றார். ஓய்வை வெட்டிவிட்டு மறுபடி கூட்டினோம்.