மலையகத்துப் பழைய தேவாலயங்கள்: வரலாறு எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

ஆண்டு மலர் போடுவதென்று குழு கூடியதும் முதலில் கிளம்பும் சண்டை, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதுதான். கண்டி தலதா மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் புனித பவுல் ஆலயத்தைப் பாருங்கள். கட்டத் தொடங்கியது 1843, முடித்தது 1846, பேராயர் ஜேம்ஸ் சப்மன் பிரதிஷ்டை செய்தது 1853. மூன்றும் சரியே. கடன் தீர்ந்து, நிலம் சபைக்கென்று எழுதப்பட்ட பிறகே பிரதிஷ்டை செய்வது அங்கிலிக்கன் வழக்கம் என்பதால், வேறு ஆலயங்களிலும் இப்படி இடைவெளி வரலாம். ஆண்டை மட்டும் போடாமல் அது எதன் ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சுவர் தடிப்பாக இருந்தால் "ஒல்லாந்தர் காலத்துக் கோயில்" என்று எழுதிவிடுவது இன்னொரு பழக்கம். 1765இல் படையோடு கண்டிக்குள் நுழைந்தும் ஒல்லாந்தரால் அங்கே நிலைக்க முடியவில்லை. மலைநாடு அந்நியர் கைக்குப் போனது 1815இல்தான். அதற்காகக் கிறிஸ்தவமே ஆங்கிலேயரோடு வந்தது என்பதும் தவறு. கத்தோலிக்கக் குருவான யோசேவாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்து, அரசரின் ஆதரவோடு பணி செய்து, 1711இல் அங்கேயே இறந்தார். சபையின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு.

சுவரில் நினைவுக்கல் இருந்தால் அடியில் கல்லறையும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பதுளை புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது. அவருடைய கல்லறை இருப்பதோ நுவரெலியாவில்.

அதிகம் பேர் தோற்றுப்போவது பதிவேட்டில். கத்தோலிக்கப் பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வீட்டில் ராயப்பன் என்று அழைத்தவர் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ராயப்பனை 'ஆர்' எழுத்தில் தேடி, "பதிவே இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் ஏராளம். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பாருங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கலாம். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் தனித்தனிக் கட்டங்கள். குருவானவர் தோட்டத்துக்கு எப்போதாவது வந்த காலத்தில் இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கு இருக்கும். பிரஜாவுரிமைக்குப் பிறந்த ஆதாரம் காட்டத் திண்டாடிய மக்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

கடிதங்களையும் கட்டட அனுமதிகளையும் தேடுமுன் அந்தக் காலத்து மறைமாவட்ட எல்லையைப் பாருங்கள். கண்டியின் அங்கிலிக்கன் ஆலயங்கள் இன்று குருநாகல் மறைமாவட்டத்தில் இருக்கின்றன, ஆனால் அது 1950இல் பிறந்தது. அதற்கு முந்திய ஆவணங்கள் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கப் பதுளை மறைமாவட்டம் 1972இல்தான் கண்டியிலிருந்து பிரிந்தது.

கல்வெட்டைப் படிக்கக் கம்பித் தூரிகையோ அமிலமோ வேண்டவே வேண்டாம். சலவைக்கல்லை அமிலம் அரித்துவிடும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கூடாது. மாலை மங்கியதும் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும். அப்படியே படம் எடுங்கள்.

விழாவுக்கென்று குருமனைக்கும் ஆலயத்துக்கும் சீமெந்து பூசுவதுதான் மிகப் பெரிய கேடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் மழையில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் வெளிவிடும். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளே தேங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகமே செதில் செதிலாகக் கழன்றுவிடும். முதலில் மழைநீர் ஓடும் பீலியையும் கூரை ஒழுக்கையும் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில், பெயர்ந்த இடத்தில் மட்டும் பூசினால் போதும்.