பழைய பாய்மரப் படகு வாங்குமுன்: சர்வேயரை அழைப்பதற்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் முப்பதடிப் பாய்மரப் படகு தேடத் தொடங்கினால், விற்பனை விளம்பரங்களில் கேட்டலினா 30 என்ற பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1970களின் நடுவில் தொடங்கி 2008 வரை 6,000க்கும் மேல் கட்டப்பட்ட படகு இது. அகலம் கிட்டத்தட்ட பதினோரு அடி. அடுப்பு, கழிப்பறை, படுக்கை எல்லாம் இருப்பதால் ஒரு சிறு குடும்பம் சில நாட்கள் தங்கிப் பயணிக்கலாம். இத்தனை படகுகள் இருப்பதால், இதற்கு என்னென்ன கோளாறு வரும் என்பதும் ஊரறிந்த விஷயம். முதல்முறை வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. அதனால்தான் இந்த விளக்கத்துக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன். வேறு படகு பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

சர்வேயர் என்பவர் படகை ஆராய்ந்து அறிக்கை தரும் நிபுணர். அவர் கட்டணத்தையும் படகைக் கரையேற்றும் கூலியையும் சேர்த்தால் ஆயிரம் டாலர் எளிதில் ஆகிவிடும். அதற்கு முன் நீங்களே பொறுமையாக ஒரு காலைப்பொழுது பார்த்தால், வாங்கவே கூடாத படகுகளை அப்போதே கழித்துவிடலாம். மனதில் ஒரு கேள்வி இருந்தால் போதும்: தண்ணீர் எங்கே நுழைந்திருக்கிறது? மங்கிய பெயிண்ட், கிழிந்த மெத்தை இவற்றைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பழைய ஃபைபர் படகைப் பெரும்பாலும் பாழாக்குவது அதன் மரப்பகுதிகளுக்குள் தேங்கிய தண்ணீர்தான்.

டார்ச், பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், பழைய துணி, இவ்வளவும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

படி 1: மேல்தளத்தைத் தட்டுங்கள்

மேல்தளம் ஒரே கட்டியான ஃபைபர் இல்லை. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் மரம். திருகு போட்ட ஒவ்வொரு இடமும் தண்ணீருக்கு வழி. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாக அமுங்கும். கைப்பிடிக் கம்பிகளின் அடி, பாய்மரத்தைச் சுற்றிய பகுதி, ஜன்னல் ஓரங்கள், பாய்மரத்தைத் தாங்கும் வடக்கம்பிகள் தளத்துக்குள் இறங்கும் இடங்கள், இவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள். வெறுங்காலால் நடந்தும் பாருங்கள்; காலடியில் தளம் மெத்தென்று இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல. உள்ளங்கை அளவு ஊறல் என்றால் பேரம் பேசலாம். நடைபாதை முழுக்க மந்தமாகக் கேட்டால், நானாக இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

படி 2: பாய்மரத்தின் பாரம்

இந்தப் படகில் பாய்மரம் மேல்தளத்தின் மீதுதான் நிற்கிறது. அதன் பாரத்தை உள்ளே இருக்கும் ஒரு மரத்தூண் கீழே கடத்துகிறது. தூணின் அடியில் இருக்கும் மரக்கட்டை, பில்ஜில் (படகின் அடியில் தண்ணீர் சேரும் பள்ளம்) தேங்கும் தண்ணீரில் ஊறி அழுகினால் தூண் இறங்கும், கூடவே மேல்தளமும் பள்ளமாகும். கழிப்பறைக் கதவைத் திறந்து மூடுங்கள். சட்டத்தில் சிக்கினால் சந்தேகப்படுங்கள். பிறகு பில்ஜ் பலகையைத் தூக்கி, தூணின் அடிக்கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

படி 3: கீல்

கீல் என்பது படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டிய, மீன் துடுப்பு போன்ற ஈயக் கட்டி. கேட்டலினா 30-இல் அதன் எடை ஏறத்தாழ 1,900 கிலோ. கீலும் படகின் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கம், வளைவான ஒரு விரிசல் வருவதுண்டு. படகோட்டிகள் வட்டாரத்தில் அதைக் 'கேட்டலினா புன்னகை' என்றே அழைக்கிறார்கள். மயிரிழை அளவு விரிசல் ஏராளமான படகுகளில் உண்டு. போல்ட்டை முறுக்கி, இடைவெளியை அடைத்துச் சரிசெய்யலாம். ஆனால் விரிசலிலிருந்து துரு வழிந்தாலோ, கரையேற்றிச் சில நாளான பிறகும் ஈரம் கசிந்தாலோ விஷயம் வேறு.

ஆரம்பகாலப் படகுகளில் கீல் தாங்கும் பகுதிக்குள் பிளைவுட் வைத்துக் கட்டினார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்தப் பிளைவுட் நசுங்கும், போல்ட் எத்தனை முறை முறுக்கினாலும் தளரும். ஆகவே பில்ஜுக்குள் டார்ச் அடித்துப் போல்ட் தலைகளைப் பாருங்கள். லேசான துருக்கறை பரவாயில்லை. நட்டே செதில் செதிலாக உதிர்ந்தால் சர்வேயர் பார்க்காமல் ஒரு டாலரும் பேசாதீர்கள்.

கீலின் பின்முனையையும் மறக்க வேண்டாம். படகு பாறையில் மோதியிருந்தால் அங்கேதான் உடல் மேல்நோக்கித் தள்ளப்பட்டிருக்கும். உள்ளே அதற்கு நேர் மேலே தரையில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

படி 4: எஞ்சின்

முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்கள் வேண்டுகோளை மீறியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் அதன் உண்மையான நிலை.

பழைய படகுகள் சிலவற்றில் அட்டாமிக் ஃபோர் என்ற பெட்ரோல் எஞ்சின் இருக்கும். நல்ல எஞ்சின்தான், ஆனால் பெட்ரோல் ஆவி பில்ஜில் தங்கினால் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் குறைந்தது நான்கு நிமிடம் காற்றுவிசிறியை ஓட்டிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். புதியவர்களுக்கு நான் டீசலையே சொல்வேன். இந்தப் படகில் பெரும்பாலும் கிடைக்கும் யுனிவர்சல் டீசல், குபோட்டா நிறுவனத்தின் எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றியமைத்தது. உதிரிபாகத்துக்குத் தவிக்க வேண்டியதில்லை.

ஆயில் குச்சியை எடுங்கள். பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடும்போது புகைக்குழாய் வழியாகத் தண்ணீரும் சேர்ந்து கொட்ட வேண்டும். விடாத நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது பாரம் அதிகம்.

படி 5: கம்பியும் பாயும்

பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் வடங்களை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் புதிது போடும் செலவை விலையில் கழிக்க வேண்டியதுதான். துணியை வடத்தின் மீது ஓட்டுங்கள். எங்காவது நூல் மாட்டினால் ஒரு இழை அறுந்திருக்கிறது. பாயைப் பொறுத்தவரை, தையல் நூலை நகத்தால் சுரண்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது.

படி 6: விலையும் காகிதமும்

படகின் பின்பலகையில், வலப்பக்கம் மேலே, 12 எழுத்து அடையாள எண் இருக்கும். கேட்டலினா என்றால் சி டி ஒய் என்று தொடங்கும். பத்திரத்தில் உள்ளதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லங்கம் பார்ப்பது மிக முக்கியம்: பழைய முதலாளி மரீனா (படகு நிறுத்துமிடம்) வாடகையோ பழுதுபார்த்த கூலியோ பாக்கி வைத்திருந்தால், அமெரிக்கக் கடல்சார் சட்டப்படி அந்தக் கடன் படகோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். படகு கடலோரக் காவல்படையிடம் பதிவாகியிருந்தால் அதன் உரிமை வரலாற்றை அங்கே பணம் கட்டி வாங்கிப் பாருங்கள்.

சரி, எல்லாம் திருப்தி என்றால் விலையை எழுத்தில் சொல்லுங்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம். 'சர்வேயும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக இருந்தால் மட்டுமே' என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். சர்வேயரை நீங்களே தேடுங்கள். தரகர் கைகாட்டுபவர் வேண்டாம். படகைத் தூக்கும்போது கூடவே நின்று கேள்வி கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் அதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பழைய படகுக்கு அது இல்லாமல் பாலிசி கிடைப்பது கடினம், பாலிசி இல்லாமல் பல மரீனாக்கள் இடம் தருவதில்லை. இரண்டும் உறுதியான பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.