நின்று நின்று ஓடிய திருமணக் காணொளி

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், பழைய மடிக்கணினியில் சேமித்திருந்த அக்காவின் திருமணக் காணொளி, கூடத்துத் தொலைக்காட்சியில் நின்று நின்றே ஓடியது. முதலில் வைஃபையைத்தான் சந்தேகித்தேன். கேபிள் இழுத்தும் பயனில்லை. கோப்பு ஹெச்.இ.வி.சி. என்ற காணொளிச் சுருக்க வடிவில் இருந்ததால், அதை ஏற்காத தொலைக்காட்சிக்காக மடிக்கணினி அதை உடனுக்குடன் ஹெச்.264 என்ற பழைய வடிவுக்கு மாற்றித் திணறியது என்பதும், அச்சுமையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் வசதியை காணொளிகளைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப நான் பயன்படுத்திய மென்பொருள் சந்தா கட்டியவர்களுக்கே தருகிறது என்பதும் பிறகே புரிந்தது. 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற அதே வகை மென்பொருளிலிருந்து பிரிந்து உருவான ஜெல்லிஃபின் அவ்வசதியை இலவசமாகவே தருகிறது. அதை நிறுவி, அமைப்புகளில் இன்டெல் சில்லின் காணொளி மாற்றும் வசதியான குவிக் சிங்கைத் தேர்ந்தெடுத்ததும் விசிறியின் இரைச்சல் அடங்கியது. தாலி கட்டும் காட்சியை அம்மா மூன்று முறை பார்த்தார். வெளியூரிலிருந்து பார்க்க விரும்புவோருக்குக் கட்டண மென்பொருளே எளிது. ஜெல்லிஃபினில் அந்த ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.