உணவுச் சங்கிலி: பாட்டில் தண்ணீரும் ஒரு புளியங்கொட்டையும் போதும்

உணவுச் சங்கிலி வரையும்போது பிள்ளைகள் அம்புக்குறியில்தான் தடுமாறுவார்கள். தவளைதானே வெட்டுக்கிளியைத் தின்கிறது என்று அம்பைத் தவளையிலிருந்து தொடங்கிவிடுவார்கள். சாப்பாடு எந்த வயிற்றுக்குப் போகிறதோ அந்தப் பக்கம்தான் அம்பு. நெல் → வெட்டுக்கிளி → தவளை → சாரைப்பாம்பு.

சரி, ஆற்றலை எப்படிக் காட்டுவது? ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். நெற்பயிர் வெயிலைப் பிடித்துத் தன் உடம்பில் சேர்த்துவைத்த ஆற்றல் அது. அதில் 100 மில்லியை டம்ளரில் ஊற்றினால் வெட்டுக்கிளியின் பங்கு. இருமல் மருந்து மூடியில் 10 மில்லி, தவளைக்கு. பாம்புக்கு 1 மில்லி, ஏறக்குறைய 20 சொட்டு. பிள்ளையையே எண்ணி விடச் சொல்லுங்கள். வயலில் வெட்டுக்கிளி ஏராளமாகவும் பாம்பு ஒன்றிரண்டாகவும் இருப்பது ஏன் என்று அப்போதே பிடிபடும்.

இந்தப் 10 சதவீதம் தோராயக் கணக்குதான், இடத்துக்கு இடம் மாறும். மிச்சம் எங்கே? பெரும்பகுதி மூச்சிலும் ஓட்டத்திலும் வெப்பமாகப் போய்விடுகிறது. தின்னாமல் விட்ட வேரிலும் தாளிலும், எச்சத்திலும் இருப்பதைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்கின்றன.

பொருள் அப்படித் தீர்ந்துபோவதில்லை. அதற்குப் புளியங்கொட்டை. அதை ஒரு நைட்ரஜன் அணு என்று வைத்துக்கொண்டு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கைமாற்றுங்கள்: மண், நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, செத்த பாம்பை மட்கவைக்கும் பாக்டீரியா, மறுபடி மண். கொட்டை திரும்பி வந்துவிடும். பாட்டிலைத்தான் வெயில் தினமும் நிரப்ப வேண்டும்.