அணு ஆயுதப் பொய் எச்சரிக்கைகளை எடைபோட்டு வாசிப்பது எப்படி

அணு ஆயுதப் போர் மயிரிழையில் தவிர்க்கப்பட்டதாகக் கூறும் ஒரு நிகழ்வைப் படிக்கும்போது, எச்சரிக்கை எந்தக் கருவியிலிருந்து வந்தது என்பதையும், அதனோடு தொடர்பில்லாத வேறொரு கருவி அதை உறுதிசெய்ததா என்பதையும் முதலில் தேடிப் பாருங்கள். 1983 செப்டம்பர் 26 அன்று, மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள செர்புகோவ்-15 நிலையத்தில், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு அறிவித்தது. பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், முழுப் போரைத் தொடங்குபவர் ஐந்தே ஏவுகணைகளோடு நிறுத்தமாட்டார் என்று கருதியதோடு, தரை ரேடார்கள் எதையும் காட்டாததையும் கணக்கில் கொண்டு, அதைப் பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே ஏவுகணைச் சுடராகத் தோன்றியிருந்தது. அவர் பொத்தானை அழுத்த மறுத்ததாக எழுதுவோரை நம்பாதீர்கள். அவரிடம் அப்படியொரு பொத்தானே இல்லை, தகவலைச் சொல்வதே அவர் பணி.

அடுத்து, பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பிரித்தறியுங்கள். அமெரிக்க-கனடா கூட்டு வான் பாதுகாப்பு அமைப்பான நோராடின் அமெரிக்க மையத்தில் 1979 நவம்பர் 9 அன்று பயிற்சிக்கான தரவு உண்மைத் தாக்குதலாகத் திரையில் தோன்றியது. 1980 ஜூனில் பழுதான ஒரு கணினிச் சில்லு அதே கலவரத்தை உண்டாக்கியது.

எச்சரிக்கை எந்த மட்டம்வரை சென்றது என்பதையும் கவனியுங்கள். 1995 ஜனவரி 25 அன்று நார்வேயிலிருந்து வடதுருவ ஒளியை ஆராயச் சென்ற ராக்கெட் ஏவுகணையாகக் கருதப்பட்டதால், ரஷ்ய அதிபர் யெல்ட்சின் அணு ஆயுதத் தாக்குதலுக்கு ஆணையிடுவதற்கான கட்டளைப் பெட்டியே இயக்கப்பட்டது. நார்வே முன்கூட்டியே அனுப்பியிருந்த அறிவிப்பு ரேடார் பணியாளர்களை எட்டியிருக்கவில்லை.